தலைப்பிரசவத்துக்கு ஒரு பலகைத் தரை

பாபடோயிட்டோய்,
ஓக்லாண்ட்.
23.8.1998

அன்பு மகள் நளாயினிக்கு,

நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிற குஞ்சும் போட் மொரெஸ்பியில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் என்று விளக்கேற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், இங்கே அப்பாவும் தம்பியும் சுகம், எனக்கு முழங்கால் நோவும் மனநோவும் தவிர வேறொன்றுமில்லை. மனநோவு ஏன் என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். மூன்று கிழமைக்கு முன் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்ப் பக்கற்றோடு நிற்கிறேன், உன் சரோஜாப் பெரியம்மா பின்னால் வந்து, எடி பவளம், நளாயினிக்கு நாலு மாதம் முடிஞ்சுதாமே, நேற்று எனக்குப் போன் எடுத்தவள் என்கிறாள். பக்கத்தில் குணரத்தினத்தின் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறா. நான் உடனே ஓம் ஓம், எனக்கு எப்பவோ சொல்லிப்போட்டாள் என்று பச்சைப் பொய் சொன்னேன். பெற்றவள் நான், நாலு மாதமாக ஒன்றும் தெரியாத மடைச்சியாக இருந்திருக்கிறேன். அன்று பின்னேரமே நீ எனக்கும் போன் எடுத்தாய்தான், நானும் சந்தோஷப்பட்டேன்தான், ஆனால் இரண்டாவதாகக் கேட்கிற நல்ல செய்தி ஆறின தேத்தண்ணி மாதிரித்தான் பிள்ளை.

பொறாமையோ என்று கேட்டால் ஓம், பொறாமைதான், சொந்த அக்காவில் வயிறு எரிகிறது, மறைத்து என்ன பயன். வெஸ்ட்கேட் பக்கம் புது வீடு, கீழேயே ஒரு அறை, அதோடு ஒட்டினபடி பாத்ரூம், நளாயினி எங்களோட வந்து இருக்கட்டும், உன்ர வீட்டில எங்கயடி இடம் என்று அந்தக் கடையில் வைத்தே கேட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது அவளுக்குத் தெரியாதாமா? நீயும் பார்ப்பம் பெரியம்மா என்று சொன்னாயாம். அந்தப் பார்ப்பம்தான் என்னைப் பேயாகப் பிடித்தது. அப்பா வைகாசியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை தொடங்கினாரல்லவா, கொங்கிரீட் அத்திவாரச் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பிக் கிடந்தது, அதற்குமேல் மரச்சட்டங்களை வரிசையாக வைத்துப் பலகைத் தரை அடிக்கவேணும். மரத்தைச் சுவரோடு எப்படிப் பிடிக்கிறது என்று லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார், அதற்கென்று தனி போல்ட் இருக்காம், வாங்கி வந்து நிதானமாகச் செய்வம் என்றார். எனக்கு எங்கே நிதானம்? ஊரில் ஓவசியராக எத்தனை கட்டடம் பார்த்தனீங்கள், அங்கே வளை மரத்தைச் சுவருக்குள் செருகிச் சீமெந்து பூசினால் ஆயுளுக்கும் நிற்கவில்லையோ, அதுபோல ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும் சுவருக்குள் விட்டு மூடுங்கோ, பிள்ளை ஐப்பசியில் வந்திடுவாள் என்று காலையும் மாலையும் கரைச்சல் கொடுத்தேன். மனுசன் என் வாய்க்குப் பயந்து அப்படியே சுவரை இடித்துப் பொந்து வைத்துச் சட்டங்களைச் செருகிக் கொங்கிரீட்டால் அடைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

போன செவ்வாய் கவுன்சிலில் இருந்து வேலையைப் பார்க்க வந்தவன் குனிந்து பார்த்தவுடனே தலையை ஆட்டினான். கொங்கிரீட் ஈரத்தை இழுத்து வைத்திருக்குமாம், அதற்குள் புதைத்த மரநுனி சில வருடத்தில் உக்கிப்போகுமாம், பிறகு தரை இறங்குமாம், எல்லாவற்றையும் எடு என்றுவிட்டுப் போனான். ஊரில் போட்டது வைரம் பாய்ந்த பனை, இது பைன் மரமப்பா என்று அப்பா மெல்லச் சொன்னார், அதற்குமேல் ஒரு சொல் ஏசவில்லை, ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தரையில் நடக்கிறதை நினைத்துப் பார்த்தேன்.

பிறகு அப்பா எனக்குத் தெரியாமல் மகேசன் பெரியப்பாவுக்குப் போன் எடுத்துவிட்டார், அவர் வீடு கட்டுகிற கொம்பனியில்தானே வேலை. சனிக்கிழமை காலையில் பெரிய துளைக்கிற மெசினோடு வந்து இறங்கினார், கூடவே அக்கா. நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. யன்னலால் பார்த்தபடி நின்றேன், அவர்கள் சட்டங்களின் நுனியை அறுத்தெடுத்து, பொந்துகளைச் சீமெந்தால் அடைத்து, சுவர் நீளத்துக்கு ஒரு தடித்த பலகையை வைத்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் தார்க் கடதாசி விட்டு, ஒரு எட்டுத் தூரத்துக்கு ஒரு போல்ட் என்று இறுக்கினார்கள். அந்தப் பலகையில் வளைத்த தகரங்களை அடித்து அதே சட்டங்களை அதற்குள் இறக்கினார்கள். இப்போது மரம் கொங்கிரீட்டில் முட்டவேயில்லை. அத்தான் இவ்வளவு கெதியாகச் செய்கிறாரே என்று அதற்கும் எரிச்சல், அப்பா அவரோடு சிரித்துக் கதைக்கிறாரே என்று அதற்கும் எரிச்சல். அக்கா தும்புத்தடியோடு கொங்கிரீட் தூசியைக் கூட்டிக்கொண்டு நின்றாள், என்னால் அடக்க முடியவில்லை, போய், என்ன மருந்து போட்டு என்ர பிள்ளையை மயக்கி வைச்சிருக்கிறாய் என்று கேட்டேவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. எடி விசரி, போன வருசம் பிள்ளை தங்கேல்லை எண்டு அவள் முதல் உனக்குத்தானே சொன்னவள், நீ அழுத அழுகையில அவளெல்லோ உன்னைத் தேற்றினவள், இந்த முறை அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது பெரியம்மா எண்டு கேட்கத்தான் எனக்குப் போன் எடுத்தவள் என்றாள்.

உண்மைதான். அன்று போனில் நான் குழறினேன், அம்மா அழாதைங்கோ, எனக்கு ஒண்டுமில்லை என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். பிள்ளையை இழந்தவள் நீ. நீ சாப்பிட்டாயா, எழும்பி நடக்கிறாயா, இரத்தம் போகிறது நின்றதா என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. என் கவலையைத்தான் உன் தலையில் வைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாவிட்டால் அதைவிடக் கூச்சம்.

வியாழக்கிழமை கவுன்சில்காரன் திரும்ப வருகிறான், அவன் சரி என்றால் அடுத்த கிழமை பலகை அடிப்பார்கள். அங்கே நுளம்பு வலையில்லாமல் படுக்காதே, மலேரியாக் குளிசையை டொக்டரைக் கேட்காமல் தொடாதே, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, விமானத்தில் ஏற டொக்டரின் கடிதம் கேட்பார்கள், இப்போதே எடுத்து வை. வந்து எந்த வீட்டில் இருப்பது என்பது உன் விருப்பம். பெரியம்மா வீட்டில் இருந்தாலும் நான் காலையிலேயே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறியோடு வந்து நிற்பேன், என் வயிறு எரியும், எரியட்டும், அதை நீ அணைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடு. பயத்தையும் என்னிடம் சொல்லு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன், அழுகை வந்தால் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்வளவில் போய் அழுதுவிட்டு வருகிறேன், நீ தேற்றவேண்டாம்.

அம்பாளின் காவலில் தாய் வேறு சேய் வேறாக நல்லபடி பிரிந்து, நிறைந்த கையோடு வீடு சேர என் ஆசி. மருமகனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உன்னைப் பெற்ற
அம்மா பவளராணி

மறந்துவிடாதே, பெரியம்மாவுக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம் போடு. எனக்கு எழுதுகிறதைவிட ஒரு பக்கம் குறைவாக எழுது.