சுரங்கத்தில் பூத்த மாசுவா

என் பவுலீனாவுக்கு,

இடுப்பு வலி விட்டதா? லாமா குட்டி போட்டதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

சங்கதி கேள்! நீ அனுப்பிய மாசுவாக் கிழங்கில் ஒன்றை எண்ணெய் டின்னில் நட்டிருந்தேன். இன்று பூத்துவிட்டது! சிவப்பு வால் வைத்த ஆரஞ்சுப் பூ. சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். மாசுவா தின்றால் ஆம்பிளைக்கு ஆசை அடங்கிவிடும் என்பார்களே, அறைத் தோழன் இலாரியோ சும்மா இருப்பானா?

"மாப்ளே, நீ இங்க எவளையும் பாத்துடக் கூடாதுன்னுதான்டா தங்கச்சி மூட்டை கட்டி அனுப்பியிருக்கு!"

ஒரே சிரிப்பு.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. கம்பளிக் காலுறை அனுப்பு, கிழங்கும் அனுப்பு. மூட்டை முழுவதையும் நானே தின்று தீர்த்துவிட்டேன். ஆசை அடங்கும் என்பது சுத்தப் பொய், பவுலீனா.

உன் தியோபிலோ