சத்து மாத்திரை

மகனுக்கு, உன் அப்பாவின் ரத்தத்தைப் பொய் சொல்ல வைத்தது நீ சம்பளம் வாங்கும் கம்பெனி. நானும் உன் தங்கையும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. அப்பா பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருக்கிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார்.

வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால், சிமெண்டு மூட்டை கட்டும் ஷெட்டில் கம்பெனி நர்ஸ் எல்லோருக்கும் வெள்ளை மாத்திரை கொடுத்தாள், சத்து மாத்திரை என்று. அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. "வருஷத்துல மூணு நாள் நாங்கல்லாம் புது மாப்பிள்ளைடி" என்று அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்று கம்பெனி டாக்டர் இன்ஹேலரை நிறுத்திவிட்டார், தூசியில்லாத வேலை கேட்ட மனுவும் திரும்பி வந்தது. இன்ஹேலரை நிறுத்திய பத்தாம் நாள் ஷெட்டிலேயே சரிந்தார். நோய் சிகரெட்டால் வந்தது என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள், அந்த வாடையே ஆகாத மனுஷனுக்கு.

இங்கே டாக்டரம்மா சின்னப் பெண், மென்று விழுங்காமல் பேசுகிறாள். ரத்தத்தில் இயோசினோபில் என்று ஒரு அணுவாம், அது ஏறியிருந்தால் இந்த நுரையீரல் நோய் அடிக்கடி சீறுமாம், அதைப் பார்த்துத்தான் இன்ஹேலர் மருந்தை முடிவு செய்வார்களாம். என் முழங்கால் வலிக்கு ஆகுமென்று அப்பா எடுத்துவைத்த மாத்திரை ஒன்று இருந்தது, காட்டினேன். "இது சத்து மாத்திரை இல்லம்மா, ஸ்டீராய்டு. இதப் போட்டுட்டு ரத்தம் எடுத்தா அந்த அணு இருக்கற எடமே தெரியாது, யாரு குடுத்தா?" என்றாள். இப்போது எடுத்ததில் நானூற்றைத் தாண்டியிருக்கிறது, முந்நூறே அதிகமாம்.

உத்தரவு உங்கள் தலைமை ஆபீஸிலிருந்து வந்தது என்று நர்ஸ் அழுகிறாள், காகிதத்தைக் காட்டமாட்டேன் என்கிறாள். நகல் உன் பிரிவில்தான் இருக்கும். அது கிடைத்தால் பழைய ரிப்போர்ட் செல்லாது என்று டாக்டரம்மா எழுதித் தருவாள். இல்லையென்றால் தேறியதும் அதே ஷெட்தான், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார் என்கிறாள். இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். ஒன்றுக்கு, பழம் வாங்கிக் கொடு என்று எழுதினாய், மற்றதற்குப் பதிலே இல்லை. வேலை போய்விடுமென்று பயப்படுகிறாய், தெரியும், பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது ஷெட்டுக்கு மாத்திரை வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
அம்மா

அந்தக் காகிதத்தை அனுப்புவாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது.