இருபது பெட்டி சேர்ந்தால்

அக்டோபர் 14, 2016

அறுக்காத கோதுமை மேல் நாலு விரல் பனி. இந்த வருடம் அக்டோபருக்கே ஜனவரி என்று நினைப்பு. எஞ்சினைக் கிளப்புவதற்குள் விரலெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஆறு காலிப் பெட்டிகளை டெல்மோர் ஊரின் பக்கத் தண்டவாளத்தில் கொண்டுபோய் விட்டேன். லைஃப் ட்வெய்ட் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். கல்யாணமும் வேண்டாம், கூட்டாளியும் வேண்டாம் என்று தனியாளாக உழுகிறவன்.

“டேய் இன்ஜினு! உன் வண்டிக்கு என் கிழட்டு மாடு பரவால்லடா.”

“அப்ப மாட்டு மேலயே ஏத்தி அனுப்பு உன் கோதுமைய.”

மாலையில் ஊர்க்கூடத்தில் கூட்டம். சந்திப்பில் நம் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் பெரிய ரயில் கம்பெனி ஒரேயடியாகச் சொல்லிவிட்டது. மே முடிவதற்குள் நூறு பெட்டி போகவேண்டும். இல்லாவிட்டால் நம் பாதையை அவர்கள் பாதையோடு சேர்க்கும் பாயிண்டைப் பிடுங்கிவிடுவார்கள். பாயிண்ட் போனால் நம் அறுபது மைலும் ரெண்டு பக்கமும் மூடின குழாய். இருபது பெட்டி ஒன்றாகச் சேர்ந்தால்தான் எடுக்க வருவார்களாம். லைஃப் மாதிரி ஆட்களிடம் ரெண்டு மூன்று பெட்டிக்குத்தான் கோதுமை தேறும். பதினைந்து பெட்டி ஒரே ஆளாக நிரப்பக்கூடியவன் மைரன்தான் — என் மனைவி டாரியாவின் அண்ணன், என் மச்சான், பாதைக்குத் தலைவன்.

மைரன் எழுந்து கையைத் தூக்கினான். “என் கோதுமை ஒரு மணி விடாம ரயில்லதான் போகும். யாரும் அவசரப்பட்டு லாரி புடிக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

வெளியே வந்ததும் லைஃப் கேட்டான். “தலைவர் பேச்சு இருக்கட்டும். நீ சொல்லுடா. வெச்சிருக்கவா, வித்துடவா?”

“வெச்சிரு. நானே வந்து எடுத்துக்கறேன்.”

அக்டோபர் 16

ஞாயிறு. சர்ச் பூசைக்குப் போகவில்லை, டாரியா முறைத்தாள்.

அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. இந்தப் பாதை மேல் எனக்கு என்ன இத்தனை கிறுக்கு? 1911-இல் கம்பெனிக்காரன் போட்டது. மண் வெட்டியது எங்கள் ஆட்கள். ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது, தொண்ணூறு வருடம் கோதுமையை ஏற்றிப் போனது. பிறகு ஒருநாள் லாபமில்லை, தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்பாக விற்கப்போகிறோம் என்றார்கள். அந்தக் குளிர்காலம் நானும் மைரனும் என் பழைய வண்டியில் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு சமையலறையிலும் அவன் பேசுவான், நான் சாப்பிடுவேன். ஊரே பணம் போட்டது. லைஃப் டிராக்டரை விற்றுப் போட்டான். 2001-இல் பாதை எங்களுடையது. நகரத்து ரயில் வேலையை நான் விட்டதும் மைரன் சொல்லித்தான். “ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான் மச்சான், நீ வந்தாதான் வண்டி.”

பெயர்த்தெடுக்க வந்தவர்களின் லாரிக்குக் குறுக்கே நின்றவன் அவன். அதை நான் மறக்கமாட்டேன்.

நவம்பர் 19

ஆறு பெட்டிகளும் அப்படியே நிற்கின்றன. மைரனுக்குப் போன் போட்டேன். ஈரம் காயவில்லையாம். யாருக்குத்தான் காய்ந்திருக்கிறது இந்த வருடம்? சரி.

டிசம்பர் 9

எஞ்சினுக்கு பேட்டரி வாங்க நகரம் போனேன். வழியில், லாரியில் வரும் கோதுமையை வாங்கும் நெடுஞ்சாலைக் கிடங்கு. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. நடுவில் நீலத் தார்ப்பாய், அதில் பச்சைத் துணி ஒட்டு. அந்த ஒட்டுப் போட்டவனே நான்தான். மைரனின் லாரி.

வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 10

நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவன் முகம் ஒரு நொடிகூட மாறவில்லை.

“ஒரே ஒரு லோடு மச்சான். ரொம்ப ஈரமா இருந்த மூலைக் கோதுமை. அங்க காயவைக்கிற மெஷின் இருக்கு. நான் என்ன பண்றது, அழுக விடறதா?”

“லைஃபும் அப்படித்தானே வெச்சிருக்கான்?”

“அவன் ஒண்டிக்கட்டை. நீ ஏன் போலீஸ்காரன் மாதிரி நிக்கற? வா, சூப் குடி.”

குடித்தேன். பீட்ரூட் சூப் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் — சொந்த மச்சானைச் சந்தேகப்பட்டேனே என்று.

ஜனவரி 7, 2017

நேற்று, எங்கள் சர்ச்சின் பழைய நாள்காட்டிப்படி, கிறிஸ்துமஸ் விருந்து. மைரன் குடும்பத்தோடு வந்தான். தேன் போட்ட கோதுமைப் பாயசத்தில் முதல் கரண்டியை எனக்குத்தான் ஊட்டினான். “மார்ச்ல ஆரம்பிக்கறோம் மச்சான், நீ எஞ்சின மட்டும் பாத்துக்க.” டாரியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

லைஃபிடம் இன்று சொன்னேன். மார்ச்.

“எந்த வருஷ மார்ச்சுடா இன்ஜினு?” என்று சிரித்தான்.

பிப்ரவரி 2

மைனஸ் முப்பத்தெட்டு. ஓடாத பாதையிலும் தண்டவாளம் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. இரும்புப் பட்டை வைத்து முடுக்கினேன். யாருக்காக?

மார்ச் 3

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சாப்பிடும்போது, மைரன் என்றைக்கு லோடு ஏற்றுகிறான் என்று கேள், உனக்குத்தான் அண்ணன் என்றேன். டாரியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவன் ஏத்தமாட்டான் நெஸ்டர். ஏத்தறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் போயாச்சு.”

“எங்க?”

“கிடங்குக்கு. ஆகஸ்டுலயே கையெழுத்து போட்டுட்டான். என் பங்கு நிலத்துக் கோதுமையும் சேத்து. நானும்தான் போட்டேன்.”

ஆகஸ்டு. கூட்டம் நடந்தது அக்டோபரில்! கோதுமையை முழுக்க விற்றுவிட்டு வந்துதான் அந்தக் கையைத் தூக்கினானா?

“அப்பறம் எதுக்குடி எல்லாரையும் பொறுங்க பொறுங்கன்னான்?”

அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். முதலில் வருகிறவர்களுக்குக் கிடங்கில் கூடுதல் விலை. இடம் கொஞ்சம்தான். ஊரே லாரி பிடித்துக்கொண்டு போனால் மைரனுக்கு அந்த விலை நிற்காது. அதனால் ஊர் ரயிலுக்காகக் காத்திருக்கவேண்டும்.

அதாவது நான்தான் அவனுக்கு வேலி. என் எஞ்சினைப் பார்த்துத்தானே எல்லோரும் பொறுத்தார்கள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“உன்கிட்ட சொன்னா அரை மணி நேரத்துல லைஃபுக்குத் தெரியும். பதினஞ்சு வருஷமா பாதிச் சம்பளம் நெஸ்டர். ஒரு வருஷமாவது என் நிலத்துக்கு நல்ல விலை வரட்டும்னு நெனச்சேன். அது தப்பா?”

தப்பா? தெரியவில்லை. அவள் நிலம். ஆனால் ஆறு மாதம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கையுறையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள் — எந்த வேலைக்கு? மைரன் செய்ததை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன், ஆனால் அவன் ஏமாற்றினான் என்று சொல்லிவிட முடிகிறது. இவளை என்ன சொல்வது?

மார்ச் 4

நேற்று எழுதியதைப் படிக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 20

லைஃபிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். காபி போட்டுக் கொடுத்தான். கோதுமைக் குதிரின் கதவைத் திறந்து காட்டினான். “பாருடா, பத்திரமா வெச்சிருக்கேன் உனக்காக.” மைரனைக் காட்டிக்கொடுக்க எனக்குத் தயக்கம் ஒன்றுமில்லை. ஆனால் மைரன் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி டாரியா.

காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம்.

ஏப்ரல் 18

சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஈரக் கோதுமை இரும்புக் குதிருக்குள் சூடாகும் என்பது எனக்குத் தெரியாததா? மூன்று ஊரில் புளித்த வாடை. லைஃபின் குதிரிலும். கையை உள்ளே விட்டால் சுடுகிறதாம்.

ஏப்ரல் 27

கூட்டம். மைரன் நின்று பேசினான், என்னமாய்ப் பேசினான்! காலம் மாறிப்போச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, பாதையை விற்றுப் பங்கைப் பிரித்துக்கொள்வோம். மைரன் அங்கே விற்றதைக் கிடங்கில் வேலை செய்கிற யாரோ ஏற்கெனவே வெளியே சொல்லியிருக்கிறார்கள். பின்வரிசையில் சத்தம், நாற்காலி தள்ளுகிற சத்தம். மைரன் கையால் அமர்த்திக்கொண்டே இருந்தான்.

லைஃப் எழுந்தான். மைரன் பக்கம் திரும்பவே இல்லை.

“டேய் இன்ஜினு. உனக்கு இது தெரியுமா?”

டாரியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“தெரியும்.”

“எப்ப?”

“மார்ச்சுல.”

“எங்க வீட்ல காபி குடிச்சியே, அதுக்கு முன்னயா பின்னயா?”

“முன்னாடி.”

அவன் தலையை ஆட்டினான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

மே 31

சந்திப்பிலிருந்து ஆட்கள் வந்து பாயிண்டைப் பெயர்த்துவிட்டார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

ஜூன் 5

எஞ்சினை அமெரிக்காக்காரன் ஒருவன் வாங்கியிருக்கிறான், பாகங்களுக்காக. மைரன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னான்: “லாரிக்கு ஆள் வேணும் மச்சான். ஐம்பத்தாறு வயசுல வேற எங்க போவ?”

கதவைச் சாத்திவிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி.

ஜூன் 19

மைரன் லாரியில் சேர்ந்து ஒரு வாரம். டாரியா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தேவைக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இன்று காலை மைரன் கொடுத்த சீட்டில் லைஃப் பெயர். கெட்டுப்போன கோதுமையை மாட்டுத் தீவனத்துக்கு விற்றிருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் வேறு லாரி கிடைக்கவில்லை போல. வேறு ஆளை அனுப்பு என்று மைரனிடம் கேட்க வாய் வரவில்லை.

வழியெல்லாம் அவன் என்ன திட்டுவான் என்றே யோசித்துக்கொண்டு போனேன். இன்ஜினு லாரி ஆயிட்டானா என்பான். மாட்டுக்குத்தான் கடைசியில வந்தியா என்பான். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். லாரிக் கதவில் மைரன் பெயரைப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

“வாங்க,” என்றான். “அந்தக் கடைசிக் குதிர்தான். தரை ஈரமா இருக்கு, பாத்து நிறுத்துங்க.”

முப்பது வருடத்தில் அவன் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

“டேய் லைஃப்,” என்றேன்.

“சொல்லுங்க,” என்று நின்றான்.