உங்கள் மேல் வந்த மனுவில் என் கையெழுத்து

சட்டையில் படிந்த சாக்பீஸ் தூளை உதறாமலே வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் நைனாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் நேற்று நல்லபடியாக முடிந்தது. பந்தல்காரர் இன்று காலையில்தான் கீற்றுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா சாப்பிடுகிறாள், தூங்கத்தான் மாட்டேன் என்கிறாள். ஆரம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் இத்தனை சைக்கிள்கள் நின்று நான் பார்த்ததில்லை. எல்லாம் உங்கள் மாணவர்களுடையவை.

இத்தனை வருஷம் காலேஜில் கணக்கு நடத்தினீர்களே, உங்களைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? நானாகச் சொல்ல வந்தாலும், மார்க் போடுவது என் வேலை, எனக்கு மார்க் போட அவன்கள் யார் என்று பேப்பரை விரித்துக்கொள்வீர்கள். இப்போது எழுந்து போக உங்களால் முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் வளர்த்த பிள்ளைகள் அப்படி இல்லை. பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், உங்கள் டெஸ்டுக்கு முதல் நாள் தவறாமல் தனக்குக் காய்ச்சல் வரும் என்று இலையில் உட்கார்ந்தபடியே சொன்னார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருப்பவர், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் வியாதி உங்களிடமிருந்து ஒட்டியதுதான், அதனால் மேனேஜருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்றார். பெரியபாளையத்திலிருந்து வந்த டீச்சரம்மா ஒருவர், உங்கள் பேப்பரில் பாஸானால் வேப்பஞ்சேலை கட்டுவதாக பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். பாஸும் ஆனார், கட்டியும் முடித்தார். அது அம்மன் போட்ட மார்க்கா, சார் போட்ட மார்க்கா என்று தனக்கு இன்றும் சந்தேகம் என்றார்.

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நான் சிரித்தேனே தவிர, கண் வாசலிலேயே இருந்தது. தேசப்பன் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை நீங்களும் நானும் ஆறு வருஷமாக வாயில் எடுக்கவில்லை. அந்த மனுவைப் பற்றியும் பேசவில்லை. உங்கள் மேல் நான் போட்ட கையெழுத்தை நீங்கள் மனதில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று தெரியாமலே உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். அதுதான் நைனா என்னைத் தின்றுகொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்டதே இல்லை. ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்தபோது, காலேஜில் சார், வீட்டில் நைனா என்று எனக்குச் சட்டம் போட்டீர்கள். ஒரே பாசஞ்சரில் போவோம். நான் லேடீஸ் பெட்டியில், நீங்கள் எஞ்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில். இறங்கி நடக்கும்போது யாரோ எவரோ மாதிரி முன்னால் போவீர்கள். முதல் டெஸ்டில் விடை சரியாக இருந்தும், நடுவில் ஒரு வரியை விட்டேன் என்று எனக்கு முட்டை போட்டீர்கள். பெற்ற பெண்ணுக்கு முட்டை போட்ட மனுஷனுக்கு இன்றைக்கு முட்டைக் குழம்புதான் என்று அம்மா வைத்தாள். நீங்கள் இரண்டு முட்டையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

உங்கள் வகுப்பு என்றால் கரும்பலகைதான். தினம் ஒருவரைக் கூப்பிடுவீர்கள். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்பீர்கள். ஃபார்முலா சார் என்று எவனாவது சொன்னால், ஃபார்முலா என்ன உன் மாமனாரா, சொன்னதும் தலையாட்டுவதற்கு என்பீர்கள். தடுமாறினால், போய் மாடு மேய் என்று விழும். வயல்காட்டுப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு சிரித்தபடி உட்காருவார்கள். பாண்டுரங்கனுக்கு வாரம் ஒரு தடவையாவது கிடைக்கும். அவன் வீட்டில் இருந்த மாடுகளை மேய்க்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள்.

தேசப்பன் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்தவன். அவர்கள் ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பையன். படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து வந்து, பெல் அடிப்பதற்குள் உட்கார்ந்திருப்பான். இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, எக்ஸ் ஸ்கொயரை ஃபார்முலா இல்லாமல் முதலிலிருந்து வகையிடச் சொன்னீர்கள். அதில் வரும் எச் என்ற சின்ன எண் மெல்ல மெல்லப் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். அவன் பயத்தில் எடுத்த எடுப்பிலேயே எச்சைப் பூஜ்யமாக்கிவிட்டு, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து, அதற்குக் கீழே மனப்பாடமாகத் தெரிந்த விடையை எழுதினான்.

"பூஜ்யத்தால வகுக்கறதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா? போய் வலை இழு" என்றீர்கள்.

வகுப்பு சிரித்தது. மாட்டுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. பின் பெஞ்சில் ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டினான். நீங்கள் பலகையை அழித்துக்கொண்டிருந்ததால் அது உங்கள் கண்ணில் படவில்லை. தேசப்பன் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

அந்த வாரமே வீட்டில் உங்களிடம் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"நான் எல்லாரையும்தான் திட்றேன். அவனுக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?" என்றீர்கள்.

"மாடு மேய்க்கப் போன்னு சொன்னா, அவனுங்க ஊட்ல மாடு கீது, நெலம் கீது. சிரிச்சிக்கினு போயிடுவானுங்க. இவன் அண்ணன் வலை இழுத்துத்தான் இவனைப் படிக்க வெக்கிறான் நைனா. அதையா சொல்லிக் காட்டுவீங்க?"

நீங்கள் பேப்பரைப் பிரித்தீர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் எங்களிடம் ஏன் கேட்கிற மனுஷர், தன் வாயிலிருந்து வந்த ஒரு வரிக்கு ஏன் என்று கேட்டால் பேப்பருக்குள் போய் ஒளிந்துகொள்கிறாரே என்று நினைத்தேன்.

பிறகுதான் பாண்டுரங்கன் மனு எழுதினான். உங்களை இரண்டாம் வருஷ வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று பிரின்சிபாலுக்கு. அதில் நாலு புகார். ரயில் தாமதமானாலும் கதவைச் சாத்திவிடுகிறார். விடை சரியாக இருந்தாலும் மார்க் தருவதில்லை. பிறப்பையும் தொழிலையும் சொல்லித் திட்டுகிறார். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறார். கடைசியைப் படித்து அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். தேசப்பனுக்காக அவன் உருகவில்லை, டெஸ்டில் வாங்கிய அடிதான் அவனை எழுத வைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது புகார் உண்மை. எழுதினவன் யோக்கியன் இல்லை என்பதால் எழுதியது பொய்யாகிவிடுமா?

நீ போட்டால் பிரின்சிபால் நம்புவார் என்றான். நான் என் பெயரை எழுதி, மூன்றாவது புகாருக்கு மட்டும் என்று பக்கத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

மனு பிரின்சிபாலிடம் போன அன்று இரவு சாப்பாட்டில், "அது உன் கையெழுத்தா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா நைனா."

அவ்வளவுதான் நம் பேச்சு. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தீர்கள். ஊட்டுக்குள்ளேயே கோர்ட்டா என்று அம்மாதான் நம் இருவரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் உங்களை எங்கள் வகுப்பிலிருந்து எடுத்து, பி.யூ.சி. பிள்ளைகளுக்கு மாற்றினார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று பியூன் சொன்னார். கடைசிவரை பி.யூ.சி.தான். கால்குலஸ் நடத்த வேண்டும் என்று பிறந்த மனுஷருக்கு அந்த ஆறு வருஷம் எப்படிப் போனது?

எங்களுக்கு வந்த புது லெக்சரர் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார். யாரையும் கரும்பலகைக்குக் கூப்பிடவில்லை. எல்லாருக்கும் அவரைப் பிடித்தது. நிறையப் பேர் பாஸும் ஆனார்கள். அதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

தேசப்பன் திரும்பி வந்தான். மனு கொடுத்த கையோடு வந்ததால், அது போன செய்தி கேட்டு வந்திருக்கிறான் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவனிடம் கேட்கவில்லை. ஆண் பிள்ளைகளோடு நின்று பேசுகிற வழக்கம் அப்போது எங்களுக்கு ஏது?

நேற்று பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வந்தார். இப்போது துறைமுகத்தில் நல்ல வேலை, இனி அவர் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் படத்துக்கு முன் கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வந்ததற்குச் சந்தோஷம் என்றேன். என் பயம் எனக்கு. அதனால், உங்கள் மேல் அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறதா என்று நானே கேட்டுவிட்டேன்.

"உங்க நைனாவ எனக்கு இப்பவும் புடிக்காதுங்க. பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே கீது" என்றார். உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்து, "ஆனா வந்தாரு" என்றார்.

எங்கே என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அப்போதுதான் அவர் புரிந்துகொண்டார். மனு போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஏரியைத் தாண்டி அவர்கள் குப்பத்துக்குப் போனீர்களாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து, யாரோ சர்க்கார் ஆள் என்று அவர் அண்ணன் பயந்துவிட்டாராம். நைனா, அன்றைக்கு நீங்கள் பெரியபாளையம் போனதாகத்தான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். குங்குமம் எங்கே என்று அவள் கேட்டதற்கு, மறந்துட்டேன் என்று சொன்ன ஆள்தானே நீங்கள்.

"உக்காரச் சொன்னோம், உக்காரல" என்றார் தேசப்பன். "எங்க அண்ணன் எதிர்லயே நின்னுக்கினு சொன்னாரு. எம் பொண்ணு உனக்காக என் மேல கையெழுத்து போட்டுக்கீறா. நிரூபிக்க முடியாத வரிய அவ எழுத மாட்டா, அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அப்போ தப்பு என்னுதுதான். நாளைக்கு காலேஜுக்கு வந்துடுன்னாரு. சொல்லிட்டு அதே படகுல போயிட்டாரு."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். நீங்கள் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று அத்தைகள் முணுமுணுத்தார்கள். நேற்று அழுதேன். தேசப்பன் எப்போது கிளம்பிப் போனார் என்றே தெரியாது.

ஏன் நைனா என்னிடம் சொல்லவில்லை? தினம் ஒரே ரயிலில் போனோமே. ஒரே சட்டியில் சாப்பிட்டோமே. எனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தீர்களா? இல்லை, மகளிடம் தோற்றதைச் சொல்லக் கூச்சமா? அந்த ஒரு வரியை நடுவில் விட்டுவிட்டு விடையை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் பேப்பராக இருந்தால் முட்டைதான் போட்டிருப்பீர்கள்.

எனக்கு லெக்சரர் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு கால்குலஸ் எடுக்கிறேன். வேறு காலேஜ்தான். ஆனால் இதே மாதிரி ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிற பிள்ளைகள். என்னைப் பற்றி அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. பிடிக்காது என்றே சொன்னாலும் சொல்லட்டும். ஒவ்வொருவரையும் கரும்பலகைக்குக் கூப்பிடுவேன், ஒவ்வொரு வரிக்கும் ஏன் கேட்பேன், விடை சரியானாலும் வரி விட்டால் மார்க் கிடையாது. எந்தப் பிள்ளையின் வீட்டுத் தொழிலையும் வாயில் எடுக்க மாட்டேன். என் சொல்லால் ஒருவன் வராமல் நின்றான் என்றால் படகேறியாவது தேடிப் போவேன். போய்விட்டு வந்து வீட்டில் இருக்கிறவர்களிடம் அதைச் சொல்வேன் நைனா. இது சத்தியம்.

நீங்கள் நம்பிய கையெழுத்தோடு,
உங்கள் மகள்
வசந்தா