இன்னும் வராத கஸ்டமர்

டுலூத், ஜனவரி 9

கர்ட்டுக்கு,

போனில் ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து டெஸ்ஸா இங்கே சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். உன்னிடம் வரும் வார இறுதிகளில் ஏதோ ஹோட்டல் விளையாட்டாமே? இங்கேயும் அவள்தான் சர்வர். மூன்று தட்டு வைக்கிறாள். "ஒரு கஸ்டமர் இன்னும் வரல. வந்தாதான் பரிமாறுவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மக்ரோனி ஆறி விறைத்துப் போகிறது.

ஐந்து வயதுக் குழந்தையையா தூது விடுகிறாய்? இது நிற்காவிட்டால் அவளை உன்னிடம் அனுப்பமாட்டேன். வக்கீலிடமும் பேசிவிட்டேன்.

ரோவீனா

சுபீரியர், ஜனவரி 13

அன்புள்ள ரோவீனா,

அவளை என்னிடமிருந்து பிரித்துவிடாதே. சத்தியமாக நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "சூப்புல ஈ கிடக்கு!" என்று நான் கத்துவேன். "ஈ இல்ல சார், பட்டாணி" என்று அவள் தின்று காட்டுவாள். அப்படியே சாப்பாடு உள்ளே போய்விடும். என் விளையாட்டு அவ்வளவுதான்.

மூன்றாவது தட்டு அவளாக வைப்பது. இங்கே அது உனக்கு. நான் உன் குரலில், "முழங்கையை மேஜையில வைக்காதேடி" என்பேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். நீயும் என்னை மாதிரி பேசிப் பாரேன்.

இல்லையென்றால், ஒரு நாள் நானே அங்கே வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்காரட்டுமா? வேண்டாம் என்று உடனே எழுதிவிடாதே.

உன் கர்ட்

டுலூத், ஜனவரி 20

அன்புள்ள கர்ட்,

உன் குரலில் பேசிப் பார்த்தேன். "அப்பா வந்தாச்சு!" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே பனிதான் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுத அழுகையை எழுத முடியாது.

நாம் இருவருமே அவளிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். "அப்பா இந்த ஹோட்டலுக்கு இனிமே வரமாட்டார்டா. அவருக்கு அவர் வீட்ல சாப்பாடு. உன் மேல யாருக்கும் கோபம் இல்ல."

மூன்று தட்டில் இரண்டை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு, "உனக்குப் பசிக்குதாம்மா?" என்றாள்.

"ரொம்பப் பசிக்குது."

"ஒரு பிளேட்தான் இருக்கு மேடம். பாதிப் பாதி" என்று என் மடியில் ஏறிக்கொண்டாள். தன் பாதியைத் தின்றுவிட்டு, என் பாதியிலும் கை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். வக்கீலையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஈயும் பட்டாணியும் தாராளமாக நடக்கட்டும். என் குரல் மட்டும் வேண்டாம், கர்ட்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைக் கீழறைக்கு எடுத்துப் போய்விட்டேன்.

ரோவீனா