பெஞ்சில் கேட்டுப் படித்த எழுத்துகள்

ஜூலை 8, செவ்வாய்

காற்று. வாசல் முழுக்க மண். வெறும் வயிற்றுச் சர்க்கரை 174. மாத்திரை இரண்டு.

நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்காரர்களுக்குக் கண் பரிசோதனை. இம்முறை கேமரா வருகிறதாம். கண்ணுக்குள் படம் எடுத்துச் சேலத்து டாக்டருக்கு அனுப்புவார்களாம். சித்திரையில் எழுத்துப் படிக்கும் சுவர் அட்டை மட்டும்தான்.

எடுத்துப் போக: சர்க்கரை நோட்டு, ஆதார், பிஸ்கட், கறுப்புக் கண்ணாடி.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். சித்திரையில் இடது கண்ணால் நான் அட்டையைப் படிக்கவில்லை. எனக்கு முன் பதினொரு பேர் உரக்கப் படித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தே ஐந்தாம் வரி வரை மனப்பாடம். என் முறை வந்ததும் ஒப்பித்தேன். ஏமாற்ற நினைத்துப் போகவில்லை. (நினைத்தேனோ?) மாசியிலிருந்து அந்தக் கண்ணின் நடுவில் புகை மாதிரி ஒரு திட்டு. சொன்னால் மகன் ஊரிலிருந்து வந்து மொபெட்டைப் பூட்டிவிடுவான். வாரம் இருமுறை சரசுவை முழங்கால் சிகிச்சைக்கு மல்லசமுத்திரம் யார் கூட்டிப்போவது?

ஜூலை 9, புதன்

9.10க்கு வரிசையில். சரசுவும் வந்தாள். பக்கத்து அம்மாளிடம் பெருமை: "எங்கூட்டுக்காரராட்ட நெதானமா ஆருங்க வண்டி ஓட்டறாங்க? சைக்கிள்காரனே முந்திக்கிட்டுப் போறானுங்க."

"அதுக்கு நீங்க நடந்தே வந்திருக்கலாமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். உள்ளுக்குள் வெட்கம்.

அட்டையை மறுபடி ஒப்பித்தேன். பரிசோதிக்கும் பெண் "சூப்பருங்கய்யா" என்றாள். சொட்டு மருந்து. அரை மணி. மோவாயை வைக்கச் சொன்னாள். பளிச். பளிச். கேமராவிடம் ஒப்பிக்க ஒன்றுமில்லை.

இருபது நிமிடத்தில் திரையில் டாக்டரே வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண். ஸ்பீக்கர் சத்தம் அறை முழுக்க.

"ஐயா, இடது கண்ணுல ரத்தக் கசிவு இருக்கு. நடுவுல வீக்கம். எத்தனை மாசமா மங்கலா இருக்கு?"

"நல்லாத்தான் தெரியுதுங்க."

"அஞ்சாவது வரி படிச்சதா எழுதியிருக்கு. இந்தக் கண்ணால அது முடியாதுங்கய்யா. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. தள்ளிப்போட்டா ரெண்டும் போயிடும். திங்கக்கிழமை வந்துடுங்க."

சரசு என் முகத்தையே பார்த்தாள். "இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா என்னய லாரி போற ரோட்டுல கூட்டிட்டுப் போனீங்க?"

வண்டியை அங்கேயே விட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். சர்க்கரை 190. இன்றும் பேச்சில்லை. தட்டு வருகிறது, குரல் வரவில்லை. சிகிச்சைக்குத் தனியாக பஸ்ஸில் போய்வந்தாள். படி ஏறும்போது வலித்திருக்கும். கேட்கத் துணிவில்லை.

போனில் மகனிடம் அவள்: "கண்ணு செரியில்ல சாமி. பொய்யி அதவிடச் செரியில்ல."

மறைத்தது அவளுக்காகவா, வண்டி போய்விடும் என்ற பயத்திலா? தெரியவில்லை. அசதி.

ஜூலை 14, திங்கள்

தூறல். 6.40 பஸ். அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சேலம் கண் ஆஸ்பத்திரி. டோக்கன் 23. இடது கண்ணுக்கு இன்று ஊசி. வலதுக்கு லேசர், இன்னொரு நாள்.

நர்ஸின் கேள்விகள்: பெயர், வயது, அலர்ஜி. அப்புறம், "வலது கண்ணு எப்படிங்கய்யா, நல்லாத் தெரியுதுங்களா?"

வாயைத் திறந்தேன்.

"அவரக் கேக்காதீங்க சாமி." சரசு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்னயக் கேளுங்க."