நாலு பேர் ஆடிய வருஷம்

ஆகஸ்ட் 4, திங்கள்

துணிக்கடை லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் கடை மேனேஜரும். மோட்டாரைக் கையால் சுற்றி இறக்கிவிட்டேன். அந்த அம்மா கும்பிட்டார். மேனேஜர், "இதுக்குத்தான் மாசாமாசம் சர்வீஸா?" என்றார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் பெரியவன் வாசலில் நிற்கிறான், முகமெல்லாம் பல். பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அணிக்கு எடுத்திருக்கிறார்களாம்.

"கையைக் குடுடா!"

"இருங்கப்பா. இன்னும் ஜெர்சி குடுக்கல. வரலாறு ஒப்பிக்கணும்."

அப்படி ஒரு வழக்கமாம் அங்கே. அணி தொடங்கியதிலிருந்து எந்த வருஷம் யார் கேப்டன், எதுவரை போனார்கள், எப்படித் தோற்றார்கள் என்று கோர்ட் நடுவில் நின்று, பழைய ஆட்டக்காரர்கள் முன்னால், தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தப்பினால் அந்த வருஷம் ஜெர்சி கிடையாது. பயிற்சிக்கு வரலாம், பந்து பொறுக்கலாம்.

"மொத்தம் எத்தனை கோப்பைடா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன வரலாறு?"

முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நான்தான் கேட்டுத் திருத்துகிறேன். வரலாற்றில் பதினோரு மார்க் வாங்கினவன், அதிலும் பாதி கையெழுத்துக்காக. இன்று கையில் தாளோடு நாற்காலியில் சாய்ந்து, "ம்ம், அடுத்தது" என்கிறேன். சின்னவள் பார்த்துவிட்டு, "அண்ணா பாவம்மா" என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கேப்டன்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். ஒட்டகம், வக்கீல், கட்டையன், கொக்கு. இப்படியே நீளுகிறது. வக்கீல் நிஜத்தில் வக்கீல் இல்லை, பல் டாக்டர். நடுவரிடம் ஓயாமல் வாதாடினதால் வந்த பெயர்.

அவர் வருஷத்தில் ஒரு ஆட்டம். விடுதியில் பாதிப் பேருக்கு அம்மை, ஐந்தே பேர்தான் வெளியூர் போயிருக்கிறார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. மாற்று ஆள் இல்லை. நிறுத்திக்கொள்ளலாம் என்று நடுவரே சொல்லியும் வக்கீல் கேட்கவில்லை. மீதி நேரம் முழுக்க நாலு பேரே ஆடி, அறுபத்தொரு பாயின்ட்டில் தோற்றார்கள். ஜெயித்தவர்களே வந்து பஸ் ஏற்றிவிட்டார்களாம்.

இதைச் சொல்லும்போது மட்டும் இவன் தடுமாறுவதில்லை. குரலே மாறிவிடுகிறது. அந்த வருஷத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேப்டன்கள் வரிசை இவனுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. (வந்தபோதே விரட்டியிருக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி.) மெட்டு போட்டேன்! "ஒட்டகம் கட்டையன், வக்கீலு கொக்கு" என்று தாளம் தட்டினால் என்னமாய் உட்காருகிறது! பெரியவன் இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 12

லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் நின்று பாடினேன். நல்ல எதிரொலி. கூட வந்த எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

ஒப்பித்துவிட்டு வந்தான். "தப்பாச் சொல்லிட்டேன்" என்றான். செருப்பைக்கூட ஓரமாக விடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவள் சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவன் அணிப் பையன் ஒருவன் வந்தான். எங்கள் வீட்டு நிலையில் தலை இடிக்கும் உயரம், பெயரே சீலிங். பெரியவன் கடைக்குப் போயிருந்த நேரம். எல்லாவற்றையும் சொன்னான்.

"வக்கீல் வருஷத்துல கட்டையன் பேரைச் சொல்லிட்டான் அங்கிள். நாலு பேர் ஆட்டமே கட்டையனுக்குப் போயிடுச்சு. வக்கீல் சாரு முன்வரிசையிலேயே உக்காந்திருந்தாரு."

தாளை எடுத்துப் பார்த்தேன். ஒட்டகம், வக்கீல், கட்டையன், கொக்கு. தாளத்துக்கு இடிக்கிறது என்று நடுவில் இரண்டு பேரை நான்தான் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன்! அவனும் பாட்டு வரிசைப்படியே ஒப்பித்திருக்கிறான். எவ்வளவு கெட்டிக்காரன் நான்!

"யாருடா சொல்லிக்குடுத்ததுன்னு கோச் கேட்டாரு. நானேதான் தப்பாப் படிச்சேன்னு சொல்லிட்டான். வக்கீல் சார் சரின்னா இன்னொரு தடவை கேப்பாங்களாம். இவன் போய்க் கெஞ்ச மாட்டேங்கிறான்."

என் பேர் வாயில் வரவில்லையா அவனுக்கு? ஒரு வார்த்தை, "எங்கப்பாதான்"னு சொல்லியிருந்தா போதுமே. மடப்பயல். என் பையன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வக்கீலுடைய பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் சொல்ல வந்ததைக் கேட்காமலே நர்ஸ் அந்தச் சாயும் நாற்காலியில் படுக்க வைத்துவிட்டாள். வக்கீல் முகமூடியோடு வந்தார்.

"வாயைத் திறங்க."

"அதுக்குத்தான் சார் வந்தேன். அந்தப் பையனோட அப்பா நான். இடம் மாத்தினது நான்தான். மெட்டுக்காக."

"என்ன மெட்டு?"

படுத்தபடியே பாடினேன். நர்ஸ் வெளியே ஓடிவிட்டாள். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

"கட்டையன் வருஷம் ஃபைனல் வரைக்கும் போனோம். உங்க பாட்டுல அது எனக்கு வந்துடுச்சு. அது யாருக்கு வேணா போகட்டும் சார். அந்த அறுபத்தொண்ணு இருக்கே, அது என்னுது. அதை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"தப்புதான் சார்."

"உங்க பையன் உங்களைக் காட்டிக் குடுக்கலையே. அது போதும். கோச்சுகிட்ட நான் பேசுறேன். ஆனா பாட்டு வேணாம்."

எழுந்தேன். "படுங்க, கடைவாய்ல ஒரு சொத்தை இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. கோர்ட் இருக்கிற ஜிம் கதவோரம் நின்றேன். மெட்டில்லாமல், அவசரமில்லாமல் சொன்னான். வக்கீல் வருஷம் வந்ததும் அவர் பக்கம் திரும்பி நின்று சொன்னான். "அறுபத்தொண்ணு" என்றதும் மொத்த ஜிம்மும் கை தட்டியது. தோற்றதற்கு இப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

ஜெர்சி வாங்கிவிட்டான். கொஞ்சம் தொளதொள. இவள் பிடித்துத் தைக்கிறேன் என்றாள், தொடவிடவில்லை.

நவம்பர் 30

முதல் நாலு ஆட்டமும் பெஞ்சில். நன்றாகத்தான் உட்காருகிறான்.

ஜனவரி 19, திங்கள்

நேற்றுக் கால் இறுதி. கடைசியில் இவனை இறக்கினார்கள். எதிரணியில் பீரோ மாதிரி ஒருவன். அவன் வரும் வழியிலெல்லாம் இவன் போய் நின்றான், விழுந்தான், எழுந்தான், திரும்பவும் போய் நின்றான். நான் ஏதோ கத்தியிருக்கிறேன், பக்கத்து ஆள் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

காலையில் எதிர்வீட்டு வாத்தியார் கேட்டார், "என்ன, பையன் டீம் ஜெயிச்சுதா?"

"ஒன்பது பாயின்ட்ல தோத்தோம் சார்!"

சின்னவள் ஜன்னலைத் திறந்தாள். "அப்பா, தோத்ததை ஏன் தெருவுக்கே கத்திச் சொல்றீங்க?"

"பையன் ஆடினானா?" என்றார் வாத்தியார்.

"ஆறு நிமிஷம். வாங்க, உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன்."

ஆறு நிமிஷத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருக்கும்.